எது வேணும்னு கேட்டீங்களா?

"எது வேணும் உங்களுக்கு? பட்டத்தைக் கட்டிக்கிட்டு அலைமேல பறக்கிறது ஒத்துவராதும்மா. டால்பினைத் துரத்துறதும் வேணாம். நீச்சல் கண்ணாடி மாட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள பவளப்பாறையைப் பாருங்க."

ஸான்ஸிபாரின் பாஜே கடற்கரையில், சுற்றுலா வந்த வெள்ளைக்காரியின் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினான் படகுக்காரன் ஹாஜி.

முழங்கால் தண்ணீரில் குனிந்து, வளர்ப்பதற்காகக் கயிற்றில் கடற்பாசி கட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி ஸுவேனா நிமிர்ந்து அவர்களையே பார்த்தாள்.

"கையை விடவே மாட்டேங்குறான் பாருடி உன் ஆளு," என்று சிரித்தாள் பக்கத்தில் நின்ற மொஸா. "நானா இருந்தா இன்னிக்கு அவனுக்குச் சோறு கிடையாது."

ஸுவேனா இழுத்த வேகத்தில் பாசிக்கயிறு அறுந்தது.

அன்று மாலை ஹாஜிக்குச் சோறு வரவில்லை.

"அந்தம்மாவுக்கு நீச்சல் தெரியாது. கையைப் பிடிக்காம எப்படி?" என்றான்.

"கையைப் பத்தி யார் கேட்டா? தண்ணிக்குக் கீழே என்ன பார்த்தா அவ?"

"மஞ்சள் மீனு, ஆமை. எதுக்குக் கேக்கிற?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்தக் கடல்ல குனிஞ்சு நிக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் கயிறும் பாசியும்தான். ஊருக்கு வர்றவளுக்கெல்லாம் எது வேணும்னு கேக்கறீங்க. என்னை ஒருநாள் கேட்டீங்களா, ஆஷா அப்பா?"

ஹாஜி எழுந்துபோய், ஈரம் காயாத நீச்சல் கண்ணாடியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"எனக்கும் நீச்சல் தெரியாது," என்று கையை நீட்டினாள் ஸுவேனா.