ஒன்றேகால் மீட்டர்

"போயும் போயும் ஒரு துணித் திருடிக்கா இந்த வேலைய குடுக்கப் போறீங்க?"

யேசுதாஸ் இப்படிக் கேட்டபோது, அந்தத் திருடி அதே கூடத்தின் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப். மடியில் நோட்டு. தலையைக் குனிந்து நோட்டைப் புரட்டினாள்.

கிறிஸ்துமஸுக்குப் பாட்டுக் குழுப் பிள்ளைகள் முப்பது பேருக்கும் புதுத் துணி வேண்டும். அதைப் பேசத்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் கூடத்தில் கூடியிருந்தார்கள். பொதட்டூர்பேட்டை தறித் துணியை வாங்கி, கும்மிடிப்பூண்டி பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் குணசுந்தரியிடம் கொடுக்கலாம் என்றாள் பாட்டுக் குழுவை நடத்தும் கன்னியம்மா. ரெடிமேடே போதும் என்றான் அந்தோணி.

"ரெடிமேடு ஈஸ்டர் வர்றதுக்குள்ள நூலு நூலா பூடுது அந்தோணி. போன வருசத்து துணியில இப்போ கோயில் தரைய தொடைக்கிறோம்."

"வளர்ற புள்ளைங்களுக்கு நல்ல துணி எதுக்குக்கா? அடுத்த வருசம் எப்படியும் பத்தாது."

பஜாரில் ரெடிமேடு கடைகள் வந்த பிறகு, குணசுந்தரியின் நாலு மிஷினில் மூன்று மூடிக் கிடந்தன. இந்த வேலை கிடைத்தால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் பொங்கலுக்கு முன்னால் பூட்டுத்தான். அது எல்லோருக்கும் தெரியும். யேசுதாஸுக்கும் தெரியும். அவர் மூத்தவர், இரும்பு கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்தவர். அவர் வேண்டாம் என்றால் அங்கே யாரும் மீற மாட்டார்கள்.

"அப்படி இன்னாதான் திருடினா? சொல்லுண்ணா," என்றாள் கன்னியம்மா.

"ஒம்போது வருசம் ஆச்சு. எம்பொண்ணு சோனியா அப்போ ஏழாவது. நானே பஸ் ஏறி பொதட்டூர்பேட்டைக்குப் போயி, தறிக்காரர் ஊட்டு வாசல்ல நின்னு, மூணு மீட்டர் நீலத் துணி எடுத்துக்கினு வந்தேன். புள்ள நண்டு சைசுல இருந்தா. சுடிதார் டாப்புக்கு ஒண்ணேமுக்கால் தாராளம். மிச்சம் ஒண்ணேகால் எங்கம்மான்னு கேட்டா, மிச்சம் இல்லண்ணான்னு என் மூஞ்சிய பாத்து சொல்றா."

தைத்த துணியோடு மிஞ்சிய துண்டையும் சுருட்டிப் பைக்குள் போட்டுத் தருவது அந்தப் பக்கத்துத் தையல் கடைகளின் வழக்கம். விரலகலத் துண்டு என்றாலும் வந்துவிடும். அன்றைக்குப் பையில் தைத்த டாப் மட்டும்தான் இருந்தது.

அந்த ஒன்றேகால் மீட்டர், யேசுதாஸின் மனதில் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. டீக்கடையில் சொன்னார். ரயிலடியில் சொன்னார். கேட்டவர்களில் பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"ஒரு துண்டுத் துணிக்கா இத்தினி வருசப் பேஜாரு?" என்றான் அந்தோணி.

"துண்டுன்னு சொல்லாத. நான் கைய வச்சு எடுத்த துணி அது. சோனியா, இங்க வாம்மா."

தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலைக்குப் போகும் மகள், பெண்கள் பக்கத்தில் தூணோரம் நின்றிருந்தாள்.

"வேணாம் நைனா. உடுங்க."

"அட, வான்னா."

வந்தாள்.

"எல்லாரும் பாருங்க. அதே நீலம். சாயம் போயிருக்கா? ஒரு நூல் பிரிஞ்சிருக்கா? ஒம்போது வருசமா இதத்தான் பூசைக்குப் போட்டுக்கினு வர்றா. இப்படியாப்பட்ட துணியில ஒண்ணேகால் மீட்டர சுருட்டினா வயிறு எரியுமா, எரியாதா?"

கன்னியம்மா எழுந்து வந்தாள். டாப்பின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். குனிந்து கீழ்மடிப்பையும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல துணிதாண்ணா. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இது சோனியா ஏழாவது படிக்கச் சொல்லோ தச்சதா?"

"அதானே இம்மா நேரமா சொல்றேன்."

"இப்போ இவளுக்கு இன்னா வயசு?"

"இருபத்தொண்ணு..."

யேசுதாஸ் அதோடு நிறுத்திவிட்டார்.

தன்னைவிட ஒரு பிடி உயரமாக நிற்கும் மகளை மேலும் கீழும் பார்த்தார். தோள் சரியாக இருந்தது. நீளம் முழங்காலைத் தாண்டி இருந்தது. கீழ்மடிப்புக்கு மேலே, பழைய தையல் இருந்த தடம் மூன்று வரியாக லேசாகத் தெரிந்தது.

"மூணு தபா பிரிச்சு உட்டாங்க நைனா," என்றாள் சோனியா தணிந்த குரலில். "உள்ளாற எல்லாப் பக்கமும் மிச்சத் துணிய மடிச்சு வச்சுத் தச்சிருந்தாங்க. அந்தக் கடைக்குப் போனேன்னு தெரிஞ்சா நீங்க கத்துவீங்கன்னுதான் சொல்லல."

யேசுதாஸ் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாம்மா உனக்கு?"

"சொல்லத்தான் வந்தேண்ணா. நீங்க அதுக்குள்ள சைக்கிள எடுத்துக்கினு பூட்டீங்க," என்றாள் குணசுந்தரி. "அப்பறம் ஊரெல்லாம் திருடின்னு சொன்னதும் எனக்கும் ரோசம் வந்துடுச்சு. ஆனா, டாப் பத்தலக்கான்னு புள்ள வந்து நின்னா, எப்படித் திருப்பி அனுப்புறது?"

அந்தோணி குனிந்து பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடினான்.

தப்பு என் பேரில்தான் என்று சொல்லி யேசுதாஸுக்குப் பழக்கம் இல்லை. தொண்டையைச் செருமினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து போய் குணசுந்தரியின் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"ஒரு புள்ளைக்கு எத்தினி மீட்டர் எழுதியிருக்க?"

"ரெண்டு."

"மூணுன்னு மாத்து. மிச்சம் எங்கன்னு எவனாச்சும் வந்து கேட்டா, நேரா என்கிட்ட அனுப்பு."