ஜன்னலுக்குக் கீழே வாய்கள்

“இன்னிக்கும் கொண்டாந்துட்டாளா?” வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள் பக்கத்து வீட்டு வெரோனிகா அக்கா.

என் கையில், மாரியாயி பிள்ளைக்கென்று கொடுத்துவிட்டுப் போன தட்டு. சுடுசோறு, மேலே மிளகு தடவிப் பொரித்த கெண்டை.

“பிள்ளைக்குக் கொடுத்துராதே. அவ மகளையே விழுங்கின குட்டை அது. அந்த மீனு என்னத்தத் தின்னு வளந்துச்சோ!”

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் எங்களுடையதுதான் கடைசி. சமையலறை ஜன்னலுக்குக் கீழே, ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டை. இந்தப் பக்கம் கிணறு மாதிரி ஆழம். தவுக்கே, அந்தச் சீன முதலாளி, அதில் மீன் வளர்க்கிறார். தீனி போடுகிறவள் மாரியாயி.

தட்டை மறுத்தால் சபித்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். சாபமெல்லாம் பொய் என்றுதான் கான்வென்ட் சிஸ்டர்கள் சொன்னார்கள். அவர்கள் யாரும் பிள்ளை பெற்றவர்கள் இல்லையே.

ஆகவே வாங்கிக்கொள்வேன். அவள் போனதும் ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன். இரண்டு மாதமாக இப்படித்தான்.

பொழுது சாய்ந்ததும் அவள் எதிர்க்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று தகர டின்னைத் தட்டுவாள்.

“வா தாயி... இந்தப் பக்கம் வந்துரு... வா...”

யாரைக் கூப்பிடுகிறாள்? என் கை தானாக ஜெபமாலையைத் தேடும்.

போன வாரம் என் மூன்று வயது கொர்னேலியஸ் சொன்னான்: “அம்மா, தண்ணிக்குள்ள நெறைய வாய் இருக்கு. என்னைக் கூப்பிடுது.”

நேற்று சாயந்திரம் அவனைக் காணோம். பின்கதவு திறந்து கிடந்தது.

ஓடினேன். ஜன்னலுக்குக் கீழே, கரையில் மாரியாயி. தலையோடு கால் நனைந்திருந்தாள். சொட்டச் சொட்ட என் மகன் அவள் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

“விடுடி அவனை! உன் மகளுக்குத் துணை வேணும்னு என் பிள்ளையக் கூப்பிட்டியா?”

அவனை என்னிடம் நீட்டினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“நான் கூப்பிடுறது மீனத்தாம்மா. என் மவளும் மீன் பாக்கத்தான் இந்த ஆழத்துல எறங்குனா. அதான் ஆழமில்லாத அந்தக் கரையில தீனி போட்டுப் பழக்கினேன். மீனு அங்க போனா பிள்ளைங்களும் அங்கதானே போவும்.”

எங்கள் காலடியில் தண்ணீர் கொதித்தது. கொதிப்பில்லை, வாய்கள். நூறு வாய்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்துத் திறந்து திறந்து மூடின.

“இப்ப ரெண்டு மாசமா எவ்வளவு தட்டினாலும் வரமாட்டேங்குது. யாரோ இங்கன சோறு கொட்டிப் பழக்கிட்டாங்க. யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்கம்மா, கால்ல விழுந்தாவது நிறுத்தச் சொல்றேன்.”

“தெரியாது” என்றேன்.

இன்றும் தட்டு வந்தது. வீட்டுக்காரர் இரவு வேலைக்குப் போய்விட்டார். கொர்னேலியஸ் தூங்குகிறான். இதை எழுதிக்கொண்டே ஒரு பருக்கை, ஒரு முள் விடாமல் தின்று முடித்துவிட்டேன்.

ஜன்னலுக்குக் கீழே அவை இன்னும் காத்திருக்கின்றன.