இரண்டாவது வெள்ளரிக்காய்

"ஆப்டிமைசேஷன நிறுத்துனா ப்ரெஸ் மெதுவாயிடும், யுவஸ்ரீ, கம்பெனிக்காரன் வேகந்தான் கேக்குறான்..."

"மெதுவாகட்டும் சார்! வேகத்துக்காக அதப் போட்டா, கை இருக்கான்னு எறங்குறதுக்கு முன்னாடியே சென்சார ஒரு தடவ பாத்தாச்சேன்னு, எறங்கும்போது பாக்கச் சொல்லி நான் எழுதுன வரியவே கம்பைலர் தூக்கிடுது. அந்த நேரத்துல கை உள்ள போனா?"

தகட்டை அழுத்தி வளைக்கும் ப்ரெஸ்ஸின் அடியில், கைக்குப் பதிலாக வைத்துப் பார்த்ததில் நசுங்கிக் கிடக்கும் வெள்ளரிக்காயை இளம்பரிதி பார்க்கிறான். வெளியே ஜூஜுவாடிச் சாலையில் லாரிகள் உறுமுகின்றன. கூரைத் தகட்டின் ஓட்டை வழியே இறங்கும் வெயில் லேப்டாப் திரையில் காசு போல் ஒட்டியிருக்கிறது. ஆப்டிமைசேஷனை நிறுத்திவிட்டுக் தன் புரோகிராமைக் கம்பைலர் இயந்திரத்துக்கு மாற்றித் தந்த கட்டளைகளை யுவஸ்ரீ விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படிக்கிறாள். சென்சாரைப் பார்க்கும் கட்டளை இப்போது இறங்கும் முன், இறங்கும்போது என இரண்டு இடத்திலும் இருக்கிறது. அதை ப்ரெஸ்ஸில் ஏற்றுகிறாள். நாளை முதல் இந்த ப்ரெஸ்ஸில் தகடு வைக்கப்போகும் முனிரத்னம்மா, தன் சாப்பாட்டுப் பையிலிருந்து இன்னொரு வெள்ளரிக்காயை எடுத்து நீட்டுகிறாள். ப்ரெஸ் இறங்கத் தொடங்குகிறது. யுவஸ்ரீ குச்சியால் காயை உள்ளே தள்ளுகிறாள். காய்க்கு அரை விரல் மேலே இரும்பு அப்படியே நின்றுவிடுகிறது. காயின் மேல் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. முனிரத்னம்மா காயை எடுத்து முந்தானையில் துடைத்து மூன்றாக ஒடிக்கிறாள். பெரிய துண்டை யுவஸ்ரீயின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொள்கிறாள்.

"காலையிலருந்து நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டது எங் கைக்காகவா, கண்ணு?"