இடைவேளை வராத படங்கள்

ஒவ்வொரு காட்சிக்கும், கணினியில் பிறந்த கதாநாயகியிடமும் சம்மதம் கேட்டே ஆகவேண்டும் என்று சட்டம் வந்த நாள்முதல், எந்தப் படமும் இடைவேளையைத் தொடவில்லை. கதாநாயகன் பின்னாலேயே வருவான். படம் நின்று அவளைக் கேட்கும். அவள் "எனக்கு விருப்பமில்லை" என்பாள். ஏழாவது நிமிடம் தியேட்டரில் விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

தியேட்டர் கேன்டீன் நடத்தும் அருணகிரிக்கு வயிறு எரிந்தது. "ஒருத்தியாவது சரின்னு சொல்லித் தொலைச்சா என்ன?" என்று திட்டிக்கொண்டே, விற்காத பஃப்ஸை அந்த ஞாயிறு வீட்டுக்கு எடுத்துப் போனார். மகள் மேகலாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

மேகலா காப்பித் தட்டை நீட்டினாள். "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. தை மாசமே வச்சுக்கலாம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. எல்லோரும் அருணகிரியைப் பார்த்தார்கள்.

அவர் பழக்கதோஷத்தில் காத்திருந்தார். யாரும் மேகலாவைக் கேட்கிற மாதிரி தெரியவில்லை. கடைசியில் அவரே கேட்டார்: "மேகலா, உனக்குச் சம்மதமா?"

"இல்லப்பா."

வந்தவர்கள் எழுந்து போனார்கள். அருணகிரி கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"உட்காரும்மா, இடைவேளை," என்று பஃப்ஸ் பெட்டியை மகள் பக்கம் தள்ளினார்.