நல்லா கேக்கற இடம்

"இன்னும் ஒரு சாண் இடது பக்கம் தள்ளு. போதும், போதும். ப்ச், கெட்டுப் போச்சு, பழையபடி வலது பக்கமே தள்ளு."

சோஃபாவின் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டு பல் டாக்டர் உத்தரவு போட, இடுப்பளவு உயர ஸ்பீக்கர் இரண்டில் ஒன்றை அவர் மனைவி இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அந்த வீட்டில் இதே கூத்துதான்.

நாள் பூராவும் பல்லைத் துளைக்கிற மெஷின் சத்தத்தையே கேட்கிற காது. வீட்டுக்கு வந்தால் நல்லதாக நாலு பாட்டுக் கேட்க வேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை. தப்பே இல்லை. ஏழு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று கடையில் சொன்னார்கள். ஆசை ஆசையாகத் தூக்கிவந்து, யாரையும் தொடவிடாமல் தானே ஒயர்களை மாட்டினார்.

ஆனால் கடையில் கண்ணுக்கெதிரே நின்று பாடிய பாடகி, வீட்டுக்கு வந்ததும் சுவருக்குள் புகுந்துகொண்டாள். எங்கே நின்று பாடுகிறாள் என்றே தெரியவில்லை. டிரம்ஸோ, காலி தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்டது.

இன்று ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்குக் கடை மூடுவதற்குள் சரியாகவில்லை என்றால் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

"ஏழு நாளா நீங்க இந்த சோஃபாவ விட்டு எந்திரிக்கலை," என்றாள் மனைவி. "சமையல் நான், பாத்திரம் நீங்கன்னுதானே பேச்சு? சிங்க்ல மலையா குவிஞ்சு கிடக்கு."

"நான் இங்க உயிரை விட்டுட்டிருக்கேன், உனக்குப் பாத்திரமா முக்கியம்?"

பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிற வேலை அவளுக்கு. எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே போய் நிற்க வேண்டும் என்று நாற்பது டிரைவர்களுக்குச் சொல்லி நடத்துகிறவளால், வீட்டில் இந்த ஒற்றை ஆளை அசைக்க முடியவில்லை.

"கடைக்குப் போன் பண்ணி மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கேன்," என்று மட்டும் சொன்னாள்.

"அப்படிச் சொல்லு. இப்பதான் நீ என் பொண்டாட்டி."

நாலு மணிக்கு மெக்கானிக் வந்தாள். தோளில் ஒரு பை, காதில் பென்சில். ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டு உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ஸ்பீக்கருக்குப் பின்னால் முட்டிபோட்டு, கால் மணி நேரம் எதையோ முடுக்கினாள்.

"ஸ்பீக்கர் தங்கம் சார். ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் நல்லா கேக்கற இடம்னு ஒண்ணு இருக்கும். அது சோஃபாவாத்தான் இருக்கணும்னு சட்டமா என்ன? நீங்க மெதுவா நடந்து போங்க, நான் நிறுத்தி நிறுத்திப் போடறேன். எங்க நல்லா கேக்குதோ, அங்கேயே நின்னுடுங்க."

டாக்டர் எழுந்தார். ஜன்னலோரம் நின்றார். இல்லை. படுக்கையறை வாசல். ஊஹூம். சாப்பாட்டு மேஜைக்குக் கீழே கூடத் தலையை விட்டுப் பார்த்தார். மணி ஐந்தடித்தது. முகம் தொங்கிப்போய், கூடத்தை ஒட்டியிருந்த சமையலறைக்குள் நுழைந்து சிங்க் முன்னால் நின்றார்.

பாட்டு நின்றது. மனைவி இருமினாள்.

"பாட்டுன்னாலே உனக்கு இருமல் வந்துடும்," என்று சலித்துக்கொண்டார்.

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. டாக்டருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"வந்துட்டா," என்றார் ரகசியக் குரலில்.

"யாரு?"

"பாடறவதான். இதோ, ஃபிரிட்ஜ் பக்கத்துல நிக்கறா. மூச்சு இழுக்கறது கூடக் கேக்குது."

"அசையாதீங்க சார், இதுதான் இடம்," என்று கூடத்திலிருந்து கத்தினாள் மெக்கானிக். "ஆனா மரம் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. கைக்கு ஏதாவது வேலை கொடுத்தீங்கன்னா காது தானா திறந்துக்கும்."

டாக்டர் கைக்கு வேலை தேடினார். எதிரே மலை இருந்தது. ஒரு தட்டை எடுத்தார், குழாயை மெல்லிசாகத் திறந்தார். முதல் பாட்டில் தட்டுகள் முடிந்தன. இரண்டாம் பாட்டில் டம்ளர்கள். மூன்றாவது பாட்டுக்குத் தலையை ஆட்டியபடியே அடிப்பிடித்த பால் சட்டியைச் சுரண்டினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இதைத் திருப்பிக் கொடுக்கற பேச்சே கிடையாது," என்றார். "நீயும் வந்து இங்க கொஞ்ச நேரம் நின்னு கேளேன்."

"ஐய, வேண்டாங்க. அது உங்க இடம், நீங்களே நின்னு கேளுங்க," என்று சொல்லிவிட்டு மனைவி மெக்கானிக்கை வழியனுப்பப் போனாள்.

பாடகியின் மூச்சையே பிடித்துவிட்ட அந்தக் காதுக்கு, பத்தடி தள்ளி வாசலில் நடந்த பேச்சு எட்டவில்லை.

"சார் ரெண்டு ஸ்பீக்கர்ல ஒண்ணுக்குச் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாத்தி மாட்டிட்டாரு அக்கா. நீங்க போன்ல சொன்னபடியே ஒரு ஸ்விட்ச் வெச்சு, நீங்க இருமினதும் தட்டி விட்டேன். மேல தள்ளினா வீடு பூரா நல்லா கேக்கும், கீழ தள்ளினா பழைய கோளாறு. அவர் சோஃபாவுல உக்காந்தார்னா மறக்காம கீழ தள்ளிடுங்க."

"அப்ப நல்லா கேக்கற இடத்தை நம்ம இஷ்டத்துக்கு நகர்த்திக்கலாம்," என்ற மனைவி, மெக்கானிக்கின் காதிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினாள். "ஆறு மணிக்கு சிங்க், ஏழு மணிக்கு இஸ்திரி மேஜை. துணி மடிக்கறதுக்கு எத்தனை பாட்டு ஆகும்?"