எட்டாவது ஷரத்து

"லேப்டாப்பத் தெறங்க தம்பி."

கவியரசன் திறக்கவில்லை. மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நூலகர் அமுதவல்லியை நிமிர்ந்து பார்த்தான். "எதுக்கு மேடம்?"

"தெறங்க, சொல்றேன்."

"காரணம் சொல்லாமத் தெறக்க மாட்டேன் மேடம். இது என் சொந்தப் பொருள்."

மடியில் கனம் இல்லாதவன் இப்படிப் பேசுவானா என்று அமுதவல்லி நினைத்தாள். காலையிலிருந்தே அவளுக்குத் தலை கொதித்துக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டால், கல்லூரி சந்தா கட்டியிருந்த மின்நூல் தளம் திறக்கவில்லை. 'அனுமதி நிறுத்தப்பட்டது' என்று ஒரே ஒரு வரி. கம்பெனியின் சென்னைப் பிரதிநிதி சரவணக்குமாரைப் போனில் பிடிப்பதற்குள் மணி பதினொன்று ஆகிவிட்டது.

"ஆறு நாளா உங்க காலேஜ்ல இருந்து புத்தகத்தை மொத்தமா இறக்கியிருக்காங்க மேடம். ஏ-ல ஆரம்பிச்சு வரிசையா, நிமிஷத்துக்கு ஒண்ணு. தினமும் ஒண்ணரைக்கு நிக்குது, ரெண்டேகாலுக்கு மறுபடி ஓடுது. யாரோ புரோகிராம் எழுதி ஓட விட்டிருக்காங்க. அக்ரிமென்ட்ல எட்டாவது ஷரத்தைப் பாருங்க."

பார்க்க வேண்டியதே இல்லை, அவளுக்கு அது மனப்பாடம். இருபத்து மூன்று பக்க ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்தவள் அந்தக் கல்லூரியில் அவள் ஒருத்திதான். முதல்வர் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார். வேண்டியதை இறக்கிப் படிக்கலாம், மொத்தமாக வாரக் கூடாது. ஒருத்தர் வாரினாலும் எல்லாருக்கும் சேர்த்துப் பூட்டு. எட்டாவது ஷரத்து அவ்வளவுதான்.

"யாருன்னு நீங்களே பாத்துச் சொல்லிருங்களேன்."

"எங்களுக்கு உங்க காலேஜ் நெட்டுன்னு மட்டும்தான் தெரியும் மேடம். ஆள் பேரோட நாலு மணிக்குள்ள லெட்டர் வரணும். இல்லைன்னா இந்த வருஷம் பூரா திறக்க மாட்டாங்க."

நேரம் பார்த்துத்தான் எல்லாம் வந்து சேர்கிறது. செமஸ்டர் லீவில் இருப்பை எண்ணும் ஸ்டாக் வெரிஃபிகேஷன் என்று புத்தக அலமாரிகளையும் பூட்டி வைத்திருந்தார்கள். அதற்குப் பொறுப்பான வணிகவியல் துறை ரத்தினவேல் சார், அலமாரிகளை எண்ணி முடித்து ஒரு வாரம் ஆகியும் அவள் கொடுத்த பட்டியலைத் திருப்பித் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அச்சுப் புத்தகமும் இல்லை, மின்நூலும் இல்லை. ஆராய்ச்சி மாணவர்கள் வந்து வந்து அவள் உயிரைத்தான் எடுத்தார்கள்.

வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். ஆறு நாளும் தவறாமல் வந்தவன் ஒருத்தன்தான்: கவியரசன், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆராய்ச்சி மாணவன். கீரனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்குமாக ஜன்னலோரம் உட்காருகிறவன். புரோகிராம் எழுதுவது அவனுக்குத் தண்ணிபட்ட பாடு.

"சரியா ஒண்ணரைக்கு நிக்குதாம், ரெண்டேகாலுக்கு ஓடுதாம். நீங்க சாப்பிடப் போற நேரம் அதுதானே?"

"எல்லாரும் சாப்பிடப் போற நேரம் அதுதான் மேடம்." அவன் குரல் உயர்ந்தது. "புரோகிராம்னா ஓட விட்டுட்டுல்ல சாப்பிடப் போவேன்? மெசினுக்கு எதுக்கு மேடம் சாப்பாட்டு வேளை?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மணி மூன்றரை. நியாயத்தை உட்கார்ந்து ஆராய அவளுக்கு நேரம் இல்லை. படித்த பையனுக்கு வாய்க்கா பஞ்சம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

"ஒருத்தருக்காக நாப்பது பேரு படிப்பு கெடணுமா தம்பி?"

"எம் பேரைப் போட்டீங்கன்னா ரெஜிஸ்ட்ரேசனையே கேன்சல் பண்ணிருவாங்க மேடம். அடுத்த மாசம் தீசிஸ் குடுக்கணும். அஞ்சு வருசம் மேடம்." லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அமுதவல்லி கடிதத்தை அடித்தாள். பெயர் போட வேண்டிய இடத்தில் விரல் நின்றது. ஆனால் ஆள் பெயர் இல்லாமல் பூட்டு திறக்காது. மூன்று ஐம்பதுக்குப் பெயரை அடித்து அனுப்பிவிட்டாள்.

ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது. 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. நடவடிக்கைக்காகக் கடிதத்தின் நகல் முதல்வருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பப்பட்டது.' தளம் திறந்துகொண்டது. அவள் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

அப்போதுதான் ரத்தினவேல் சார் தடித்த பட்டியலைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். ஒரு குண்டூசி குறைந்தாலும் கையெழுத்துப் போடாத மனுஷர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"லேட்டாயிருச்சும்மா, கோவிச்சுக்காதீங்க. அலமாரியெல்லாம் ரெண்டே நாள்ல முடிஞ்சிருச்சு. லிஸ்ட்ல இந்தக் கடைசி நாப்பது பக்கந்தான் ஆளை அசத்திருச்சு."

"அதுல என்ன சார் இருக்கு?" என்றாள் அமுதவல்லி, பட்டியலுக்குக் கையை நீட்டியபடி.

"நீங்க வாங்கின மின்நூலுதாம்மா. ரெண்டாயிரத்து நூத்தி நாப்பதையும் ஒவ்வொண்ணா எறக்கி எண்ணிட்டேன், ஒண்ணுகூடக் கொறையல."