குறியைப் பிடிக்க ஒரு கை

வலக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், புடைவைத் தலைப்பை இறுகப் பற்றிக்கொண்டாள்.

இனி இடக்கை மட்டுமே.

காந்திபுரத்துக் கருவிக் கடையில் இரும்புக் குழாய் வளைக்கும் பெண்டர் வாங்க வருகிறவர்கள், மாதிரிக்கு ஒரு குழாயை வளைத்துப் பார்ப்பது வழக்கந்தான். இவ்வாறு வளைத்துப் பார்த்தவர் எவரும் இலர்.

"அந்தக் கைக்கு என்னாச்சுங்க அம்மிணி? மருதாணி வெச்சிருக்கீங்களா?" என்றார் கடைக்காரர் ஆறுச்சாமி.

அவள் சிரித்தாள். கையை எடுக்கவில்லை.

முதலாவது பெண்டர், கத்தரிக்கோல் போல இரண்டு பிடிகள் கொண்டது. ஒரு பிடியை மேசை விளிம்போடு சேர்த்து இடுப்பால் அழுத்திக்கொண்டு, மறுபிடியை இழுத்தாள். குழாய் வளைந்தது, வளைந்த இடத்தில் நசுங்கியது.

பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக் குழாய்க்குள் போட்டாள்.

குண்டு பாதி வழியில் நின்றுவிட்டது.

அது அவள் கணவருடைய சோதனை. வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் குழாய்களை வளைத்து நாற்காலி செய்தவர் அவர். குண்டு மறுமுனையில் வந்து விழாத குழாய், அவர் செய்த எந்த நாற்காலிக்கும் காலானதில்லை.

ஏழு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. வலக்கை மட்டும் மடிமேலேயே கிடக்கிறது.

கொட்டகையைத் திறக்கச் சொன்னபோதெல்லாம் ஒரே மறுமொழி.

"ஒத்தக் கையில வளைக்கற பெண்டர் கொண்டா. தொறக்கறேன்."

மாட்டேன் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அவளோ, அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு காலையிலேயே பேருந்து ஏறிவிட்டாள்.

"கரண்டுல ஓடறது ஒண்ணு இருக்குதுங்க. பொத்தானை அமுக்குனாப் போதும்" என்றார் ஆறுச்சாமி.

"அமுக்கறதுக்கு எங்க வூட்டுக்காரரு எதுக்குங்ணா? நானே அமுக்கீருவனே."

ஆறுச்சாமி இரண்டாவது பெண்டரைக் காட்டினார்.

அது மேசையோடு முடுக்கப்பட்டிருந்தது. பள்ளம் வெட்டிய ஒரு சக்கரம். அதிலிருந்து நீண்ட ஓர் இரும்புக் கோல்.

வளைய வேண்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டாள். குழாயைப் பள்ளத்தில் பொருத்தினாள். இடக்கையால் கோலை இழுத்தாள்.

குழாய் முரண்டு பிடிக்காமல் வளைந்தது. குண்டு மறுமுனையில் வந்து விழுந்தது.

அவள் முகம் மலர்ந்தது. அதுவும் ஒரு கணந்தான். குறி மூன்று விரற்கடை தள்ளிப் போயிருந்தது.

வேறொரு குழாய். அதிலும் தள்ளிப் போயிற்று.

இன்னொன்று.

இப்படி வளைத்தால் நாற்காலியின் நான்கு கால்களும் நான்கு உயரம்.

"கோலை இழுக்க ஒரு கை வேணும். குறியைப் புடிக்க ஒரு கை வேணும். ஒத்தக் கையில எந்தப் பெண்டரும் ஆகாதுங்க அம்மிணி" என்றார் ஆறுச்சாமி. குரலில் கேலி இல்லை.

அவள் அந்தக் கோலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.



பிறகு வலக்கையை முன்னால் கொண்டுவந்தாள். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மேசையின் முன் ஓரடி வலப்புறம் நகர்ந்தாள். இடப்புறம் ஓர் ஆள் நிற்க இடம் உண்டாயிற்று.

தோளோடு தோள் உரசும் இடம்.

புதிய குழாயைப் பொருத்தி, குறியை வலக்கைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

"நீங்க இங்க வந்து கோலை இழுங்ணா. எடக்கையால மட்டும்."

ஆறுச்சாமி வந்து நின்றார். இழுத்தார்.

குறி அசையவில்லை.

அவர் குழாய்க்குள் போட்ட குண்டு மறுமுனை வழியே உருண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"அவருக்கு ஒத்தக் கையே போதும்" என்றாள் அவள், சொல்லிப் பழகுகிறவளைப் போல.

ஆறுச்சாமி, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த கையைப் பார்த்தார்.

இம்முறை மருதாணியைப் பற்றிக் கேட்கவில்லை.